வாசலோடு நின்ற செருப்பு

அசோக் நகர்,
3 ஆகஸ்ட் 2025, ஆடிப்பெருக்கு

அமீனாவுக்கு,

சரோஜாதேவி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். என் இடது கை காகிதத்தை அழுத்திப் பிடிக்காது. முன்பு அதை நீ பிடித்துக்கொள்வாய். இப்போது பித்தளைச் சொம்பைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் கடைக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம்தான் எனக்குக் கிடைத்த காகிதம்.

நீ போய்ப் பதினாறு நாள் ஆகிறது. அடையாறில் யாரோ கூடுதல் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று போய்விட்டாயாம். லாவண்யா சொன்னாள். போகிறவள் போ. மருமகளிடம் சொல்லிக்கொண்டு போகத் தெரிந்தவளுக்கு, பதினான்கு மாதம் நீ குளிப்பாட்டித் தலை வாரிவிட்ட என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா?

பக்கவாதம் வந்த பிறகு நான் பேசுவது ஒருவருக்கும் புரிவதில்லை. உனக்கு மட்டும்தான் புரிந்தது. நான் பெற்ற வெங்கடேஷுக்கே, "என்னம்மா, என்னம்மா" தான். மூன்றாவது தடவை போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். உனக்குப் பதிலாக உன் கம்பெனி அனுப்பியிருக்கிற தங்கபுஷ்பம், நான் தண்ணீர் கேட்டால் போர்வை கொண்டுவருகிறாள்.

அன்றைக்குக் குளியலறையில் விழுந்தோமே, அதனால் கோபமா? எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. உனக்கும் சுளுக்குதான், இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்றார்கள். அதற்குப் போய் ஓடுவாயா?

உன் ரப்பர் செருப்பு இன்னும் வாசல் ஸ்டாண்டில்தான் கிடக்கிறது. கம்பெனி கொடுத்தது, 114 என்று நம்பர் எழுதியது. இந்த வீட்டுச் செருப்பு ஸ்டாண்டைக்கூடத் திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று விட்டுப் போனாயா? இன்றைக்கே குப்பையில் போடச் சொல்லப்போகிறேன்.

தங்கபுஷ்பமும் உன் கோட்டூர்புரம் குடியிருப்புதானாமே. உன் பெயரை எழுதிக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடிதம் என்று எழுதிக் காட்டியதும் சாப்பாட்டுப் பையைத் திறந்து நீட்டினாள். என்ன ரகசியமோ.

சரோஜாதேவி


கோட்டூர்புரம்,
5.8.2025

அம்மாவுக்கு அமீனா பீ ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதேன். திட்டி எழுதியிருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் நன்றாகத் திட்டுகிறீர்கள் என்றால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியுமா? மஞ்சள் மாத்திரை முன்னால்.

நான் அடையாறுக்குப் போகவில்லை அம்மா. எங்கேயும் போகவில்லை. இந்த அறையை விட்டே வெளியே வரவில்லை. என் இடுப்பு உடைந்திருக்கிறது. தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடம். வாடகைக்கு எடுத்த கட்டிலில் படுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் கரீமுல்லாதான் பெட்பேன் வைக்கிறார். எத்தனை பேஷண்ட்டுக்கு நான் வைத்திருப்பேன். இப்போது அவர், "எப்டி வெக்கிறதுன்னு சொல்லு, எனக்கு இன்னா தெரியும்" என்று நிற்கிறார். நான் படுத்தபடியே சொல்லித் தருகிறேன். வெட்கமாக இருக்கிறது.

தங்கபுஷ்பத்தின் மேல் கோபப்படாதீர்கள். உங்களுக்கு பி.பி. ஏறிவிடும், எதையும் சொல்லக்கூடாது என்று வீட்டிலும் கம்பெனியிலும் சொல்லியிருக்கிறார்களாம்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு லாவண்யா மேடமும் வாட்ச்மேனும் என்னைத் தூக்கிக் காரில் போட்டார்கள். பாதி வழியில் மேடம் சொன்னார்கள், "அக்கா, வீட்ல விழுந்தேன்னு சொல்லாதீங்க. ஆஸ்பத்திரில போலீசுக்கு எழுதி அனுப்பிடுவாங்க. ஆடித் தள்ளுபடி நேரம், அவரால ஸ்டேஷனுக்கெல்லாம் அலைய முடியாது. பஸ் ஸ்டாப்ல விழுந்தேன்னு சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்." நான் அப்படியே சொன்னேன். யாரும் என் கழுத்தை நெரிக்கவில்லை. இத்தனை நாள் சோறு போட்ட வீடு, அவர்களை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தலாமா என்று நானே நினைத்துக்கொண்டேன். நர்ஸ் பெண் எழுதிக்கொண்டாள். வெறும் விரிசல் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்தும் காலைத் தூக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எலும்பு விலகிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அங்கே வரிசையில் தேதி செப்டம்பர் கடைசியில்தான். கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தால் இந்த வாரமே வேறு இடத்தில் செய்துவிடலாம். ஆனால் டூட்டியில் விழுந்தால்தான் இன்சூரன்ஸ், பஸ் ஸ்டாப்பில் விழுந்தால் கிடையாது என்கிறார்கள். மேடத்துக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

உங்கள்
அமீனா


7 ஆகஸ்ட்

அமீனா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தங்கபுஷ்பத்தைப் பிடித்து உலுக்கினேன். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். இத்தனை நாள் உன்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். உள்ளே போன சோறெல்லாம் இப்போது கல்லாகக் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் டூட்டி ஷீட்டில் நீ வரும்போதும் போகும்போதும் நான் கையெழுத்துப் போடுவேன் இல்லையா? அன்று சாயங்காலம் லாவண்யா அதைக் கொண்டுவந்து நீட்டினாள். வழக்கம்போலப் போட்டேன். படிக்கவில்லை. நேற்று அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். "10.30, லீவு கேட்டுப் போனார்" என்று அவள் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் நீ சொன்ன கதைக்குப் பொருத்தமாக எழுதிவிட்டாள்.

கடையில் நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். படிக்காமல் ஒரு பில்லில்கூடக் கை வைத்ததில்லை.

ச.


9.8.2025

அம்மாவுக்கு,

அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதினான்கு மாதத்தில் நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை.

ஒரு தாளில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி, பதினொன்றரை மணி, உங்கள் குளியலறை. அவ்வளவுதான். கம்பெனி சூப்பர்வைசர் செம்பியன் சாரிடம் தங்கபுஷ்பம் கொடுத்துவிடுவாள். பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

டாக்டர் சொன்னார், எலும்பின் பந்துக்கு ரத்தம் போகவில்லை, நாள் ஆக ஆக அது செத்துப்போகும் என்று. சீக்கிரம் செய்தால் ஸ்க்ரூ போட்டு என் எலும்பையே காப்பாற்றப் பார்ப்பார்களாம். இல்லாவிட்டால் வெட்டி எடுத்துவிட்டு இரும்பு வைப்பார்களாம். எனக்கு நாற்பத்தாறு வயது. பேஷண்ட்டைத் தூக்குவதைத் தவிர வேறு வேலை தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா.

அமீனா


12 ஆகஸ்ட்

அமீனா,

எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தேன். முடியவில்லை.

குளியலறை என்று எழுதினால் ஏன் விழுந்தீர்கள் என்று கேட்பார்கள். எண்ணெய் என்று சொல்ல வேண்டும். எண்ணெய்க் குளியல் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னது வெங்கடேஷுக்குத் தெரியும். ஆடி வெள்ளிக்கு எண்ணெய் தேய்க்காமல் நான் இருந்ததே இல்லை என்று உன்னிடம் அழுதேன். நீ இரண்டு தடவை மாட்டேன் என்றாய். மூன்றாம் தடவை பாவம் பார்த்தாய். அவன் கடைக்கும் லாவண்யா மாடிக்கும் போன நேரம் பார்த்து நல்லெண்ணெயைச் சூடு பண்ணச் சொன்னது நான்தான்.

வெங்கடேஷ் போன மாதமே சொல்லிவிட்டான். "இன்னொரு வாட்டி சொன்ன பேச்ச மீறினா, கொட்டிவாக்கத்துல நல்ல ஹோம் இருக்கும்மா. அங்க பாத்துப்பாங்க." அவன் விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை. நானும் அவரும் செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு இது. இந்தக் கட்டிலிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் போட்டால் ஒரு மாதம் தாங்க மாட்டேன்.

ஆடித் தள்ளுபடி முடியட்டும். அவன் கொஞ்சம் மனசாறி உட்காரும்போது பக்குவமாக எழுதிக் காட்டுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள். வலிக்குத் தைலம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தது, நல்ல தைலம்.

சரோஜாதேவி


13.8.2025

அம்மாவுக்கு,

தைலத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் வாடையே எனக்கு ஆகவில்லை.

நான் வழுக்கித் தரையில் விழுந்ததால் எலும்பு உடைந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். கால் வழுக்கியபோது சுவரில் பிடிக்கிற கம்பி எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. ஒரு கைதான் நீட்ட முடியும். கம்பியைப் பிடித்திருந்தால் நான் நின்றிருப்பேன், நீங்கள் போயிருப்பீர்கள். உங்களைப் பிடித்தேன். உடம்பெல்லாம் எண்ணெய், பிடித்த இடமெல்லாம் நழுவியது. அதனால் கட்டிப்பிடித்துக்கொண்டு எனக்குக் கீழே தரையை வாங்கிக்கொண்டேன். நீங்கள் என் மேல் விழுந்தீர்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. என் இடுப்பை உடைத்தது உங்கள் உடம்பு அம்மா.

என் மேல் படுத்துக்கொண்டே, "ஏட்டி, அடி பட்டுட்டா?" என்று உங்கள் பாஷையில் கேட்டீர்கள். இல்லைம்மா என்றேன். முதல் பொய் அது. பஸ் ஸ்டாப் இரண்டாவது பொய்.

அந்த ரப்பர் செருப்பு குளியலறையில் வழுக்கக்கூடாது என்றுதான் கம்பெனி கொடுத்தது. நான் வந்த முதல் நாளே வாசலைக் காட்டிக் கழற்றச் சொன்னீர்கள். உள்ளே சாமி இருக்கிறது, ஐயா படம் இருக்கிறது என்றீர்கள். சரி என்று பதினான்கு மாதம் அந்த வழவழத் தரையில் வெறுங்காலோடு உங்களைத் தாங்கி நடந்தேன்.

உங்களுக்கு வீடு போய்விடும் என்று பயம். எனக்குக் கால் போய்க்கொண்டிருக்கிறது. இனி எனக்கு எழுதாதீர்கள்.

அமீனா பீ


19 ஆகஸ்ட்

அமீனா,

நான் அனுப்பிய இரண்டு கடிதங்களையும் பிரிக்காமல் திருப்பிவிட்டாய். இதையாவது படி. தங்கபுஷ்பத்திடம் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. வாளி விழுந்த சத்தம் என்று ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று வாளி விழவே இல்லை. அது நின்ற இடத்திலேயே நின்றது. எனக்கு எப்போதும் தெரியும்.

எழுதிவிட்டேன். எண்ணெய், செருப்பு, நீ என்னைத் தாங்கியது, எல்லாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் வெங்கடேஷ் கையிலேயே கொடுத்தேன். அவன் படித்தான். லாவண்யா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பாவம், அம்மாவுக்கு மூளைல அடி. எதையோ நினைச்சு எதையோ எழுதறாங்க" என்றான். என் முன்னாலேயே சொன்னான் அமீனா. நாற்காலியிடம் பேசுகிற மாதிரி.

மறுநாள் இன்னொரு தாள் எழுதித் தங்கபுஷ்பம் மூலம் கம்பெனிக்கு அனுப்பினேன். டூட்டி ஷீட்டிலும் அம்மா கையெழுத்து இருக்கிறது, இதிலும் இருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டார்களாம். வெங்கடேஷிடம் விசாரித்தார்களாம். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று உனக்கே தெரியும். என் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

இருபத்தைந்தாம் தேதி அந்தச் செம்பியன் மாதாந்திரம் பார்க்க வருவான். அவனிடம் எதைக் காட்டுவேன்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ சொல்லு.

ச.


21.8.2025

அம்மாவுக்கு,

முதல் கடிதத்தில் என் செருப்பு வாசலில் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு என்னை வெறுங்காலோடுதான் காரில் போட்டார்கள். லீவு கேட்டுவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகிறவள் செருப்பை விட்டுவிட்டா போவாள்?

அதைக் குப்பையில் போடச் சொல்லப்போவதாக எழுதியிருந்தீர்களே. போட்டுவிட்டார்களா?

அமீனா


26 ஆகஸ்ட்

அமீனா,

உன் கேள்வியைப் படித்ததும் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டேன். அந்த முதல் கடிதம் எழுதிய அன்றைக்கே தூக்கிப் போடச் சொல்லி எழுதிக் காட்டிவிட்டிருந்தேன். என் கோபத்துக்குக் காலும் வாயும் மட்டும்தான் இல்லை, எழுதுகிற கை அப்போதும் வேலை செய்யும்.

ஆனால் தங்கபுஷ்பம் போடவில்லை. ஒரு கவரில் சுற்றிக் குளியலறை வாளிக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கதவைத் தாழ் போட்டதும் மாட்டிக்கொள்வாள், திறக்கும் முன் கழற்றிவிடுவாள். மூன்று வாரமாக எனக்குத் தெரியும். பார்க்காத மாதிரி இருந்தேன். அது உன் செருப்பு என்று மட்டும் தெரியாது. அவள் சொந்தச் செருப்பு என்றே நினைத்திருந்தேன். நான் எழுதிக் கேட்டதும் கவரை எடுத்துவந்து காட்டினாள். "வழுக்குதும்மா, எனக்குப் பயமாக்கீது. அமீனாக்கா மாதிரி நானும் உயுந்துட்டா என் வூட்ட யாரு பாக்கிறது?" என்றாள். அவளைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்வேன்?

நேற்றுச் செம்பியன் வந்தான். வெங்கடேஷும் லாவண்யாவும் ஹாலில் இருந்தார்கள். நான் கையைக் காட்டியதும் தங்கபுஷ்பம் செருப்பைக் கொண்டுவந்து நடு ஹாலில், அவர் படத்துக்கு நேரே வைத்தாள். வெங்கடேஷ் எழுந்துவிட்டான். "செருப்ப வெளிய போடு." நான் சொம்பால் மேஜையை ஓங்கி அடித்தேன். கடையில் திருடனைப் பிடித்தபோதுகூட அப்படி அடித்ததில்லை.

இது யாருடையது என்று எழுதிக் காட்டினேன். செம்பியன் குனிந்து நம்பரைப் பார்த்தான். "நூத்திப் பதினாலு, அமீனா பீ" என்றான். பத்தரைக்கு லீவு கேட்டுப் போனவள் வெறுங்காலோடா போனாள் என்று எழுதினேன். அவன் லாவண்யாவைப் பார்த்தான். "எப்டி மேடம் செருப்பில்லாம போவாங்க?" அவ்வளவுதான் கேட்டான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

லாவண்யா உடைந்துவிட்டாள். "நான்தான் அப்டி சொல்லச் சொன்னேன். பாத்ரூம்லதான் விழுந்தாங்க. நான் ஓடி வந்து பாக்கறப்ப ரெண்டு பேரும் எண்ணெயோட கெடந்தாங்க, அக்கா கீழ, அத்தை மேல." பாவம், அந்தப் பெண்ணும் ஒரு மாதமாகத் தூங்கவில்லை போலிருக்கிறது.

வெங்கடேஷ் எண்ணெய் என்ற இடத்தில்தான் என்னைத் திரும்பிப் பார்த்தான். செம்பியன் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, செருப்பையும் எடுத்துக்கொண்டு போனான். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஆபரேஷன் என்றைக்கு என்று எழுது.

ச.


16.9.2025

அம்மாவுக்கு,

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. கம்பெனிதான் சேர்த்தது. ஸ்க்ரூ போட முடியவில்லை. நான்கு வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் முயற்சி செய்திருக்கலாம் என்றார் டாக்டர். பந்தை வெட்டி எடுத்துவிட்டு இரும்பு வைத்திருக்கிறார்கள்.

வாக்கர் பிடித்து ஆறு அடி நடக்கிறேன். கீழே உட்காரக்கூடாது, குந்தக்கூடாது, கனம் தூக்கவே கூடாது. தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறேன். நெற்றி தரையில் படாமல் முடிக்கும்போது அழுகை வந்துவிடுகிறது. செம்பியன் சார் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். பேஷண்ட்டைத் தூக்க முடியாதவர்களுக்குக் கம்பெனியில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பதினொரு வருஷ வேலை அம்மா.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. பொய்யாக எழுதப் பிடிக்கவில்லை. இரண்டு பொய் சொல்லிப் பட்டது போதும்.

தங்கபுஷ்பத்தை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் அறை பூட்டியிருக்கிறது என்று வாட்ச்மேன் அவளிடம் சொன்னானாம். லாவண்யா மேடத்திடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். கொடு என்றேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

அமீனா


கொட்டிவாக்கம்,
30 செப்டம்பர் 2025

அமீனாவுக்கு,

லாவண்யா உன் கடிதத்தை நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரிக்கவில்லை. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. இதையும் அவள்தான் தபாலில் போடுவாள்.

நான் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டேன். ஒரு அறையில் மூன்று பேர். ஒரு மாதம் தாங்க மாட்டேன் என்று உனக்கு எழுதினேன். மூன்று வாரம் ஆகிவிட்டது, உயிர் போகவில்லை. வெங்கடேஷ் ஒரு தடவை வந்தான். போனைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். கடை நன்றாகப் போகிறதாம்.

ஆகஸ்ட் 9 நீ கேட்டாய். 17 வரை நான் என் கட்டிலைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அந்த எட்டு நாளில்தான் உன் எலும்பு செத்ததோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கட்டிலும் மிஞ்சவில்லை, உன் காலும் மிஞ்சவில்லை. மன்னிப்பு வராவிட்டால் போகட்டும். திட்டியாவது எழுது.

இங்கே என்னைக் குளிப்பாட்ட ஒரு சின்னப் பெண் வருகிறாள், பெயர் ஆயத். வந்த முதல் நாள் மற்ற பாட்டிகளுக்குப் பிடிக்காது என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு என்னைத் தாங்க வந்தாள். நான் குளியலறை வாசலிலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே வரமாட்டேன் என்று கத்தினேன். நான் சொல்வது அவளுக்குப் புரியவில்லை. கிழவிக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டு கன்னத்தைத் தடவினாள். காலண்டர் தாளையும் சொம்பையும் சைகை காட்டிக் கொண்டுவரச் செய்து இப்படி எழுதிக் காட்டினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வா.

அவள் போய்ப் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் எழுந்தேன்.

சரோஜாதேவி